வயிறு சொன்ன சாட்சி

அத்தியாயம் 6

லாக்கப் கம்பிக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குக் கீழுதடு இரண்டாகப் பிளந்திருந்தது. வலது கையில் மூன்று விரல்கள் தடித்து, நகம் எது சதை எது என்று தெரியாமல் கறுத்துப் போயிருந்தன. பேனா பிடிக்கிற விரல்கள்.

சைரனுக்கே பேச்சு வரவில்லை. சைரன் என்பது அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. வருஷக்கணக்கில் ஆம்புலன்ஸ் ஓட்டியவன். வண்டியை விட்ட பிறகும் சத்தம் மட்டும் அவனை விடவில்லை. அவனுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற பெண்மணிக்குக் காவல் துறையில் இருந்த காலத்தில் விழுந்த பெயர் கத்திரி. எதிரில் இருப்பவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் நடுவில் வெட்டிவிடுவார். உத்தியோகத்தை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறிய ஆரம்பித்தபோது பெயரும் கூடவே வந்துவிட்டது. சைரனுக்கு அவர் வெறும் மேடம்.

"பேச முடியலைன்னா தலையை மட்டும் ஆட்டும்மா," என்றார் மேடம். "உங்க பேராசிரியை செத்துக் கிடந்த இடத்துல தரையில வாந்தி இருந்துச்சு. நீ எடுத்ததா?"

இல்லை என்று தலை ஆடியது.

"பார்த்ததும் குமட்டலையா?"

பெண் வாயைத் திறந்தே பதில் சொன்னாள். உதட்டுப் பிளவில் ரத்தம் துளிர்த்தது. "அவங்க தலையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன். பின்பக்கம் கையில எதுவுமே தட்டுப்படலை மேடம். பள்ளமா இருந்துச்சு. அப்பவும் குமட்டலை. கத்தினேன். அவ்வளவுதான்."

"போலீஸ் உன்னை என்ன கேக்குறாங்க?"

"ஒரு ஆம்பளை பேரு. என் கூட்டாளியாம். யாரைச் சொல்வேன்? இன்னும் ஒரு விரலைத் தொட்டாங்கன்னா எங்க அண்ணன் பேரையே சொல்லிடுவேன் போலிருக்கு."

சைரன் திரும்பிக்கொண்டான். வெளியே பெஞ்சில் அந்தப் பெண்ணின் அம்மா காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தாள். மகளை வெளியே கொண்டு வரச் சொல்லி மேடத்திடம் வந்தவள் அவள்தான். அவளிடம் இந்த விரல்களைப் பற்றி யார் சொல்வது?

செத்துப் போனவர் சாதாரண ஆள் அல்ல. மனித வயிற்றில், அமிலத்துக்கு நடுவிலும் சாகாமல் குடித்தனம் நடத்தும் ஒரு கிருமியைப் பற்றியே வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர். குடற்புண் வந்த பாதிப் பேருக்கு அவர் எழுதிய மருந்துதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லாக்கப்பில் இருப்பவள் அவரிடம் ஆராய்ச்சி செய்த மாணவி. முந்தாநாள் மத்தியானம் அவருடைய ஆய்வுக்கூடத்திலேயே யாரோ அவர் தலையைப் பிளந்துவிட்டுப் போயிருந்தார்கள். ரத்தக் குப்பிகளைப் போட்டுச் சுழற்றும் இயந்திரத்திலிருந்து கழற்றி வைத்திருந்த இரும்புத் தலையை எடுத்து, அதாலேயே அடித்திருந்தார்கள். ஒரு முழுப் பூசணிக்காய் கனம். ஒரே அடி இல்லை.

இன்ஸ்பெக்டர் மேஜைக்குப் பின்னால் மிக்சர் கொறிப்பவர் போல நிதானமாக உட்கார்ந்து ஊக்கால் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம். பொண்ணு ஏதாவது சொன்னாளா? எங்ககிட்ட அழுத்தமா இருக்கா."

"உங்க ஆட்கள் அழுத்தின அழுத்தத்தைப் பார்த்தேன். ஏன் கூட்டாளி பேரைக் கேக்குறீங்க?"

"செத்தவங்க நகத்துக்கடியில தோல் இருந்துச்சு. ஆம்பளைத் தோல். இவளோடது இல்லை. அப்ப இவளுக்கு ஒரு ஆள் உடந்தைதானே?"

"இல்லைன்னா இவளுக்குச் சம்பந்தமே இல்லை."

"கையெல்லாம் ரத்தம், மேடம்!"

"உடைஞ்ச தலையை மடியில போட்டா ரத்தம் ஒட்டாம பவுடரா ஒட்டும்?" என்றான் சைரன். அவனுக்குக் குரல் திரும்பி வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் அவனை ஈயைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டு மேடத்திடம் திரும்பினார். "நாங்க யாரையும் விட்டு வைக்கலை. அந்தம்மாவுக்கு ஒரே தம்பி. தண்ணி கேன் கம்பெனி முதலாளி. அன்னைக்குக் காலையில அவங்க கடைசியா போன்ல பேசினது அவர்கிட்டதான். கூப்பிட்டு விசாரிச்சோம். மனுஷன் உடைஞ்சு போயிட்டாரு. அவரே சொன்னாரு, ஐயா, சந்தேகம்னா அந்தத் தோலை எங்கக்கா ரத்தத்தோட வெச்சுப் பாருங்க, கூடப்பொறந்தவன் தோல்னா காட்டிடுமேன்னு. பார்த்தோம். சொட்டுச் சம்பந்தம் இல்லை. எவனோ அந்நியன்."

"அவரே சொன்னாரா?"

"அவரேதான். சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன் மேடம். அதுக்குள்ள இவ பேரைச் சொல்லலைன்னா, இடது கையிலயும் விரல் இருக்கு."

மேடம் திரும்பி நடந்தார். வெளியே வந்து, பெஞ்சில் இருந்த அம்மாவின் தோளில் ஒரு கணம் கை வைத்துவிட்டுக் காரில் ஏறினார். சைரனுக்கு மேடத்தைத் தெரியும். வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டாமல் விட்டால், கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

ஆய்வுக்கூடத்தில் தரையைக் கழுவியிருந்தார்கள். ஆனாலும் டைல்ஸ் இடுக்குகளில் பழுப்புக் கோடுகள் மிச்சம் இருந்தன. சுவரில், ஆள் உயரத்துக்கும் மேலே, காய்ந்த தெறிப்பு. இரும்பைத் தலைக்கு மேல் ஓங்கிய வேகத்தில் சிதறியது. குளிர்பெட்டிகள் உறுமிக்கொண்டிருந்தன. பக்கத்து அறைக்கும் இந்த அறைக்கும் நடுவில் மெல்லிய பலகைத் தடுப்புதான்.

"பக்கத்துல ஆள் இருந்தாங்களா?" என்று கேட்டார் மேடம்.

"நான்தான் இருந்தேன்," என்றார் சின்ன டாக்டர். பேராசிரியையின் கீழ் வேலை பார்த்தவர். கண்ணுக்குக் கீழே இரண்டு நாள் தூக்கம் தொங்கியது. "இந்தக் குளிர்பெட்டி இரைச்சல்ல பேச்சு கேக்காது. தொப்பு தொப்புனு சத்தம் கேட்டுச்சு. ஏதோ பெட்டிங்க சரிஞ்சுடுச்சுன்னு நெனச்சேன். யாரும் கத்தலை மேடம். கத்தியிருந்தா நான் ஓடி வந்திருப்பேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தாங்கன்னா..."

"அதை அப்புறம் அழலாம். நான் நேத்து சுரண்டிக் கொடுத்த வாந்தி?"

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்துக் காட்டினார். அதில் ரோஜா நிறத்தில் ஏதோ இருந்தது.

"இது மஞ்சளா இருக்கும். வயித்துக் கிருமி இருந்தா இப்படிச் சிவந்துடும். போட்ட உடனே சிவந்துடுச்சு. அந்தப் பொண்ணுக்குக் கிருமி கிடையாது. எங்க எல்லாரையும் பேராசிரியை வருஷா வருஷம் சோதிப்பாங்க. இங்க வேலை செய்யற யாருக்குமே கிடையாது. அதனால இது வெளி ஆள் வாந்தி."

"பாதி உலகத்துக்கு அந்தக் கிருமி இருக்குன்னு சொல்றாங்களே டாக்டர்," என்றான் சைரன். "பாதி உலகத்தையும் வரிசையில நிக்க வெச்சு வாந்தி எடுக்கச் சொல்லலாமா?"

"வேண்டாம். ஒரு வீட்டைப் பார்த்தா போதும்." சின்ன டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "இந்தக் கிருமி பெரியவங்களை அவ்வளவு சுலபமா பிடிக்காது. சின்ன வயசுல வர்றது. ஒரே தட்டு, ஒரே டம்ளர், ஒருத்தர் எச்சில் இன்னொருத்தருக்கு. வந்துட்டா கடைசி வரைக்கும் கூடவே இருக்கும். அதனால ஒரு குடும்பத்துக் கிருமி இன்னொரு குடும்பத்துக் கிருமி மாதிரி இருக்காது. பேராசிரியையோட ஆராய்ச்சியே அதுதான். வீட்டுக்கு வீடு வாசப்படி மட்டும் இல்லைடா, வீட்டுக்கு வீடு கிருமியும் உண்டுன்னு சிரிப்பாங்க. இந்த வாந்தியில இருந்ததை நம்ம குளிர்பெட்டியில இருக்கிற எல்லாத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒண்ணோட மட்டும் அச்சு அசலா ஒத்துப் போச்சு."

"யாரோடது?"

"பேராசிரியையோட சொந்த வயித்துக் கிருமி."

"அட! அப்ப வாந்தி அவங்களோடதே," என்றான் சைரன். "சுத்தி வந்து வீட்டு வாசல்லயே விழுந்தோம்."

"இல்லை. அவங்க மருந்து சாப்பிட்டு அந்தக் கிருமியை எப்பவோ ஒழிச்சுட்டாங்க. ஒழிக்கறதுக்கு முன்னாடி எடுத்ததைப் பெட்டியில வெச்சிருந்தாங்க, அவ்வளவுதான். பிரேதப் பரிசோதனையில அவங்க மத்தியானம் சாப்பிட்டது வயித்துல அப்படியே இருந்துச்சு. வாந்தி எடுத்தது வேற ஆள். ஆனா, அவங்ககூடச் சின்ன வயசுல ஒரே தட்டுல சாப்பிட்ட ஆள்."

மேடம் அறையின் மூலையில் நின்றுகொண்டிருந்தார். அங்கே ஒரு நீள மேஜை. தூசிக்கு நடுவில் வட்ட வட்டமாகச் சுத்தமான தடங்கள். எதையோ எடுத்த இடம்.

"இங்க என்ன இருந்துச்சு?"

"தண்ணி கேன். ஒரு மாசமா வயித்துக் கிருமியை ஒதுக்கி வெச்சுட்டு டைபாய்டு பின்னாடி அலைஞ்சாங்க. காய்ச்சல் வார்டுல குழந்தைங்க செத்துக்கிட்டு இருந்தாங்க. எங்கிருந்து பரவுதுன்னு பார்க்கக் கடை கடையா ஏறி கேன் வாங்கிட்டு வருவாங்க. இப்ப ஒண்ணைக்கூடக் காணோம். போலீஸ்தான் எடுத்துட்டுப் போயிருக்கும்னு இருந்துட்டேன்."

சைரன் மேடத்தைப் பார்த்தான். மேடம் சைரனைப் பார்த்தார்.

காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவன் வாயைத் திறந்தான்.

"தண்ணி கேன் தம்பி. மேடம், எல்லாம் பொருந்துது. சின்ன வயசுல ஒரே தட்டு. கேன் காணோம். காலையில போன். ஆனா தோல் மட்டும் அந்நியன்னு அடிச்சுச் சொல்லுது. கூடப்பொறந்த தம்பி எப்படி அந்நியன் ஆவான்? சொத்துப் பிரிச்சாத்தான் அப்படி ஆவாங்க."

"பேசிக்கிட்டே இரு," என்றார் மேடம், ஜன்னல் வழியே பார்த்தபடி. அவர் இப்படிச் சொல்வது அபூர்வம். சைரன் வாய்ப்பை விடவில்லை.

"வயிறு ஒண்ணு சொல்லுது, தோல் ஒண்ணு சொல்லுது. எனக்கும் அப்படித்தான். எங்கம்மா மில் வேலைக்குப் போயிடுவாங்க. எதிர்வீட்டு அத்தைதான் எனக்கு ஊட்டி வளர்த்தாங்க. சொந்தமே கிடையாது. ஆனா அத்தைக்கு நெஞ்செரிச்சல், எனக்கும் நெஞ்செரிச்சல். அத்தைக்கு ராத்திரி புளிச்ச ஏப்பம், எனக்கும் அதே ஏப்பம். என் மூக்கு எங்கப்பாவோடது மேடம், வயிறு முழுக்க அத்தை சொத்து..."

"நிறுத்து."

"சரி, பேசலை."

"வண்டியை நிறுத்துடா. திருப்பு. தண்ணி கம்பெனிக்குப் போ."

சைரன் திருப்பினான். பின்னால் வந்தவன் திட்டியதற்குப் பதில் திட்டக்கூட அவனுக்கு நேரமில்லை.

கம்பெனி என்பது ஒரு பெரிய தகரக் கொட்டகை. வாசலில் ஒரு லாரி நின்றது. உள்ளே ஈரச் சிமெண்டுத் தரை, காலி கேன்கள் மலையாகக் குவிந்திருந்தன. உருளைகள் மீது கேன்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஊர்ந்து போயின. நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி. மோட்டார் இரைச்சலோடு அதில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பார்வைக்குக் கண்ணாடி மாதிரி தெளிவு.

முதலாளி தொட்டிக்குப் பக்கத்தில் நின்று குழாய் முடுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு நல்ல தோள். முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை. கையில் நீளமான பைப் ரெஞ்ச். மேடத்தைப் பார்த்ததும் கண் கலங்கியது. அந்தக் கலக்கம் பொய் என்று சைரனால் சொல்ல முடியவில்லை.

"அக்காவைக் கொன்னவன் கிடைச்சானா மேடம்?"

"கிட்டத்தட்ட. உங்ககிட்ட ஒரு சின்ன சந்தேகம். அக்கா போன மூணாம் நாளே வேலைக்கு வந்துட்டீங்க."

"வீட்டுல இருந்தா பைத்தியம் பிடிக்குது." அவர் வேலையாட்களைப் பார்த்துக் கையசைத்தார். "சாப்பிடப் போங்கப்பா." இரண்டு பேர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்கள்.

"போலீஸ் உங்க ரத்தத்தை எடுத்தாங்களா?"

"எதுக்கு மேடம்? அக்கா ரத்தமே போதுமே. அவளும் நானும் ஒரே ரத்தம். அந்தத் தோல் அவளோட ஒட்டலைன்னா என்னோடயும் ஒட்டாது."

"அதுதான் கெட்டிக்காரத்தனம்," என்றார் மேடம். "யாரும் கேக்காத யோசனையை நீங்களே கொடுத்தீங்க. அவங்களும் உங்க உடம்புல ஊசி குத்தாமலே விட்டுட்டாங்க. நீங்க கூடப்பொறந்தவரா இருந்தா அந்தக் கணக்கு சரி."

ரெஞ்ச் நின்றது.

"நீங்க கூடப்பொறந்தவர் இல்லை. அந்த வீட்டுல வளர்ந்தவர். தோல் அந்நியன்னு சொன்னதும் நிஜம், வாந்தி அந்த வீட்டுப் பிள்ளைன்னு சொன்னதும் நிஜம். ரெண்டுமே நிஜமா இருக்கிற ஆள் இந்த உலகத்துல ஒருத்தர்தான். கையுறையைக் கழட்டுங்க."

மோட்டார் இரைந்தது. முதலாளி குனிந்து, கையுறையின் விளிம்பைப் பிடித்து இழுப்பவர் போல் ஒரு அசைவு காட்டினார். அடுத்த கணம் ரெஞ்ச் மேலிருந்து இறங்கியது.

மேடம் விலகியதால் தலை தப்பியது. தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம், காய்ந்த குச்சியை ஒடித்தது போல், மோட்டார் இரைச்சலுக்கு மேலாகக் கேட்டது. அவர் கேன்களின் மேல் விழுந்தார். கேன்கள் சரிந்து நாலா பக்கமும் உருண்டன.

சைரன் யோசிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மாடு மாதிரி பாய்ந்து வயிற்றில் முட்டினான். இரண்டு பேரும் தொட்டிச் சுவரில் மோதினார்கள். ரெஞ்ச் தெறித்துப் போனது. அதுவரை நல்ல காலம். அதற்கப்புறம் ஒரு முழங்கால் சைரனின் விலாவில் ஏறியது. இன்னொரு தடவை ஏறியது. இரண்டாவதில் உள்ளே ஏதோ நறுக்கென்றது. ரப்பர் கை ஒன்று அவன் பிடரியைப் பிடித்துத் தூக்கி, தலையைத் தொட்டிச் சுவரில் ஒரு மோது மோதி, தண்ணீருக்குள் அமுக்கியது.

குளிர்ச்சி. பச்சையான வெளிச்சம். அவனுடைய ரத்தமே அவன் கண்முன் சிவப்பு நூலாகப் பிரிந்து போனது. வாயை மூடு, வாயை மூடு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். பிறந்ததிலிருந்து ஊரே அவனிடம் சொன்னது அதைத்தான். இப்போதுதான் முதல் முறையாகக் கேட்கப் பார்த்தான். முடியவில்லை. நெஞ்சு வெடித்து வாய் திறந்தது. தண்ணீர் உள்ளே போனது. கை எதையோ பிடித்தது. கையுறை. அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். அது மெல்ல மெல்ல உரிந்து வந்தது.

திடீரென்று பிடரி விடுபட்டது.

தலையை வெளியே எடுத்து, இருமி, கக்கி, கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது முதலாளி தரையில் கிடந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஊளையிட்டுக்கொண்டிருந்தார். கால், மடங்கக் கூடாத பக்கமாக மடங்கியிருந்தது. மேடம் இடது கையில் ரெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் தலைமாட்டில் நின்றார். வலது கை தோளிலிருந்து துணி மாதிரி தொங்கியது. முகம் சாம்பல் நிறம்.

"எழுந்திருக்காதீங்க," என்றார் மேடம். "இன்னொரு கால் இருக்கு."

சைரனின் கையில் கையுறை இருந்தது. முதலாளியின் முன்கையில், மணிக்கட்டுக்கு மேலே, நாலு கோடுகள். ஆழமாக, சீழ் கட்டி, மஞ்சளும் சிவப்புமாக.

"இதைக்கூடப் பார்க்கலை பாருங்க," என்றான் சைரன் மூச்சு வாங்க. "ரத்தம் சொந்தம்னு சொன்னதும் போலீஸ் கண்ணை மூடிக்கிட்டாங்க."

மேடம் அவன் இடுப்பு பெல்டைக் கேட்டு வாங்கி, ஒற்றைக் கையால் முதலாளியின் மணிக்கட்டுகளைக் குழாயோடு கட்ட முயன்றார். முடியாமல் சைரனே கட்டினான். பிறகு மேடம் போனில் இன்ஸ்பெக்டரைப் பிடித்தார்.

"பேரு கிடைச்சுடுச்சு. ஆளும் கிடைச்சாச்சு, நகக்கீறலோட. ஊசி எடுத்துக்கிட்டு வாங்க. அந்தப் பொண்ணை இப்பவே வெளியே விடுங்க. அவ கையை டாக்டர்கிட்ட காட்டுங்க. இல்லைன்னா அந்த மூணு விரலோட போட்டோவை நானே ஊருக்குக் காட்டுவேன்." மறுமுனை ஏதோ சொல்ல ஆரம்பித்தது. மேடம் வெட்டிவிட்டார்.

முதலாளி அழுதுகொண்டிருந்தார். வலிக்கா வேறெதற்கா என்று தெரியாத அழுகை.

"யார் சொன்னது உங்களுக்கு? அக்காவுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அம்மாவும் போயிட்டாங்க."

"உங்க வயிறு சொன்னுச்சு. எப்படி வந்தீங்க அந்த வீட்டுக்கு?"

"காலரா வார்டுலேர்ந்து. என்னைப் பெத்தவங்க ரெண்டு பேரும் ஒண்ணா போயிட்டாங்க. கிணத்துத் தண்ணி. அம்மா அங்க நர்ஸு. கட்டிலுக்கடியில கிடந்த என்னைத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டாங்க. அப்புறம் வேற ஊருக்கு மாத்திக்கிட்டுப் போனோம், சொந்தப் பிள்ளைன்னே எல்லாரும் நெனச்சாங்க. அம்மா ஷிஃப்டுக்குப் போயிடுவாங்க. அக்காதான் ஊட்டுவா. சூடா இருந்தா தன் வாயில போட்டு ஊதி ஊதி..." அவர் நிறுத்திக்கொண்டார். தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும்.

"அதுதான்," என்றார் மேடம். "அந்த வாயிலேர்ந்துதான் உங்க வயித்துக்கு வந்தது."

சைரன் தொட்டியில் சாய்ந்து விலாவைப் பிடித்துக்கொண்டான். ஒரு கிண்டல் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டான்.

"பெத்தவங்களைத் தின்ன அதே அழுக்குத் தண்ணியை நீங்க கேன்ல அடைச்சு வித்தீங்க," என்றார் மேடம்.

"தெரிஞ்சு செய்யலை! சாக்கடைக் குழாய் உடைஞ்சு போர்வெல்லுல கலந்திருக்கு. எனக்கெப்படித் தெரியும்? அவ கண்டுபிடிச்சா. காலையில போன் பண்ணி வரச்சொன்னா. போனேன். கம்பெனியை மூடுடான்னா. நீயாவே போய்ச் சொல்லிடுடா தம்பி, நான் கூட வர்றேன்னா. இருபது வருஷமா கட்டினது மேடம். யோசிக்க நேரம் கேட்டேன். வார்டுல குழந்தைங்க யோசிக்கறதுக்கு நேரம் கேக்கலைடான்னு திரும்பிக்கிட்டா. கையில கிடைச்சதை எடுத்துட்டேன்."

"அவங்க ஏன் கத்தலை?" மேடத்தின் குரல் முதல் முறையாகத் தணிந்திருந்தது. "பக்கத்து ரூம்ல ஆள் இருந்தாங்க. நீங்க ரெண்டாவது தடவை ஓங்கறதுக்குள்ள ஒரு சத்தம் போட்டிருக்கலாம்."

முதலாளி ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைப் பார்த்தார்.

"முதல் அடியில விழுந்துட்டா. நினைவு இருந்துச்சு. நான் பக்கத்துல உட்கார்ந்துட்டேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டா." அவர் தன் முன்கையைப் பார்த்தார். "யாராவது வர்றதுக்குள்ள போயிடுடான்னா. நான் வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிக்கறேன், நீ போயிடுன்னா. போய் அந்த மோட்டாரை மட்டும் நிறுத்திடுன்னா. சரிக்கா, நிறுத்திடறேன்னேன். கையை விடலை. சத்தியம் பண்ணுன்னா. நகம் இறங்குற அளவுக்குப் பிடிச்சுக்கிட்டா. சத்தியம் பண்ணுடா, சத்தியம் பண்ணுடான்னு அதையே சொல்லிக்கிட்டிருந்தா. என்னால பண்ண முடியலை மேடம். அவமேல பொய்ச்சத்தியம் என்னால..." 

அவர் முடிக்கவில்லை. மேடமும் வெட்டவில்லை. சுவரில் தலைக்கு மேலே பார்த்த அந்தத் தெறிப்பு சைரனின் கண்ணுக்குள் வந்து நின்றது. போராடிய நகங்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"பொய்ச்சத்தியம் பண்ண மனசு வரலை," என்றார் மேடம் கடைசியில். "அடிக்க மட்டும் வந்துச்சு."

முதலாளி பக்கவாட்டில் திரும்பித் தரையிலேயே வாந்தி எடுத்தார்.

மேடம் சுவரருகே போய் மோட்டார் சுவிட்சைத் தட்டினார். உருளைகள் நின்றன. தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் மெலிந்து, சொட்டி, நின்றது. அந்த நிசப்தத்தில்தான் வாசல் பக்கம் லாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

சைரன் திரும்பினான். லாரி டிரைவர் கேபினிலிருந்து இறங்கி நிழலில் நின்று, இந்தக் கம்பெனிக் கேன் ஒன்றைத் தொடைமேல் சாய்த்து டம்ளரில் பிடித்துக்கொண்டிருந்தான். வெயிலுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. டம்ளர் வாய்க்குப் போனது.

சைரன் ஓடினான். உடைந்த விலா ஒவ்வொரு அடிக்கும் உள்ளே குத்தியது. போன வேகத்தில் டம்ளரைத் தட்டிவிட்டு, கேனையும் எட்டி உதைத்தான். தண்ணீர் டிரைவரின் சட்டையெல்லாம் கொட்டியது.

டிரைவர் விட்டான் ஒரு அறை. ஏற்கெனவே தொட்டிச் சுவரில் மோதிக் கிழிந்திருந்த சைரனின் நெற்றியிலிருந்து ரத்தம் மறுபடி வழிந்தது.

"யார்ரா நீ? மனுஷன் தண்ணி குடிக்கறது பொறுக்கலையா?"

வேறொரு நாளாயிருந்தால் இதற்குச் சைரன் பத்துப் பதில் வைத்திருப்பான். அறையை அப்படியே வாங்கிக்கொண்டு லாரியின் பின்பக்கத்தைப் பார்த்தான். அடுக்கடுக்காகக் கேன்கள்.

"இந்த லோடு இனி எங்கயும் போகாது," என்றான். "எல்லாத்தையும் இங்கயே கொட்டணும்."

"இதுல கொட்ட என்ன இருக்கு? அத்தனையும் காலி." டிரைவர் சட்டையைப் பிழிந்தான். "காலையிலேயே இறக்கிட்டு வந்தாச்சு. நாலு பள்ளிக்கூடம், ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. இனி அடுத்த நடை ஏத்தணும்."

சைரன் திரும்பிப் பார்த்தான். கொட்டகை வாசலில், தொங்கும் கையைப் பிடித்துக்கொண்டு மேடம் நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். சாலைப் பக்கம் தலையை அசைத்தார்.

சைரன் டிரைவரின் சட்டைப் பையிலிருந்து சாவியை உருவிக்கொண்டு கேபினில் ஏறினான். டிரைவர் கத்திக்கொண்டே மறுபக்கம் தொற்றி ஏறினான். லாரி உறுமிக்கொண்டு கிளம்பியது.

"பிள்ளைங்களுக்குச் சாப்பாட்டு மணி எப்போ அடிப்பாங்க?" என்று கேட்டான் சைரன்.

டிரைவர் அவன் முகத்தைப் பார்த்தான். கத்துவதை நிறுத்தினான்.

"இப்பத்தான்," என்றான். "லெஃப்டுல திரும்பு. அதுதான் கிட்ட."